பேனாத் தொழிலாளரும் சங்கமும்

2025-ம் வருஷம் நவம்பர் 21-ந் தேதி இந்திய சர்க்கார் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை அமுலுக்குக் கொண்டுவந்தனர். அவற்றின் வரவால் 29 பழைய சட்டங்கள் இடம் பெயர்ந்தன. அப்படி மறைந்தவற்றுள் ஒன்று 1955-ம் வருஷத்திய உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம். எழுபது வருஷ காலம் இத்தேசத்துப் பத்திரிகைக் காரியாலயங்களில் இரவும் பகலும் உழைத்தவர்களுக்குக் காப்பாக நின்ற சட்டம் அது. எங்கோ ஓர் ஆலை கதவடைத்தால் பத்தி பத்தியாக எழுதும் நாம், நம் வீட்டுத் தூண் ஒன்று பெயர்க்கப்பட்டபோது அதைப்பற்றிப் போதிய அளவு எழுதவில்லை. ஊரார் வழக்கை எல்லாம் பேசும் வாய், தன் வழக்கு வந்தால் அடைத்துக்கொள்வது நமது தொழிலின் பழைய நோய்.

இது விஷயமாக எழுதப் புகுமுன் ஒன்றை நேயர்களிடம் மறையாது சொல்லிவிடுவது கடமை. நாம் சட்டம் பயின்றவர். ஆயினும் இன்று சம்பளம் வாங்கும் பக்கத்தில் இல்லை, கொடுக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம். ஆகவே பத்திரிகைத் தொழிலாளர் சங்கம் வலுக்க வேண்டும் என்று நாம் எழுதுவது நமது கைப்பெட்டிக்கே விரோதமாகச் சிலருக்குத் தோன்றலாம். தோன்றட்டும். பயந்து எழுதுகிறவனைக் கொண்டு பயமற்ற பத்திரிகையை எவராலும் நடத்த முடியாது என்பதே நமது அனுபவம்.

முதலில் சரித்திரத்தைச் சற்று நினைவூட்டுவோம். 1918-ம் வருஷம் ஏப்ரல் 27-ந் தேதி சென்னையில் தொழிலாளர் சங்கம் தோன்றியது. அதன் தலைமையை ஏற்ற ஸ்ரீ பி. பி. வாடியா "நியூ இந்தியா" பத்திரிகையில் பணி செய்தவர். அவருக்குத் தோள் கொடுத்த ஸ்ரீ திரு. வி. கலியாணசுந்தர முதலியார் அப்போது "தேசபக்தன்" ஆசிரியர். 1920-ம் வருஷம் பின்னி ஆலை முதலாளிகள் வாடியா முதலியோர்மீது வழக்குத் தொடுத்து ஹைகோர்ட்டில் தடையுத்தரவு பெற்றனர். தொழிலாளரை ஒன்று சேர்ப்பதே குற்றமாகிவிடுமோ என்ற அச்சம் அப்போது எழுந்தது. அதன் பயனாகக் கிளர்ச்சி வளர்ந்து, 1926-ம் வருஷத்திய தொழிற்சங்கச் சட்டம் பிறந்தது. நெசவாலைத் தொழிலாளிக்குச் சங்கம் அமைத்துக் கொடுத்தவர்கள் பத்திரிகைக்காரர்கள். அந்தப் பத்திரிகைக்காரர்கள் தமக்கென்று ஓர் அகில இந்திய சம்மேளனம் காண மேலும் 32 வருஷங்கள் ஆயின. 1950-ம் வருஷம் அக்டோபர் மாதம் டில்லியில் இந்திய உழைக்கும் பத்திரிகையாளர் சம்மேளனம் கூடியது, ஸ்ரீ எம். சலபதி ராவ் அதன் தலைவரானார். 1952-ல் நீதிபதி ராஜாத்யக்ஷா தலைமையில் பத்திரிகைக் கமிஷன் நியமனமாயிற்று. 1954-ல் அதன் அறிக்கை வந்தது. அடுத்த வருஷமே சட்டம் பிறந்தது. அது எவருடைய கருணையாலும் விளைந்ததன்று; சங்கம் கேட்டதால் வந்தது.

அச்சட்டம் கொடுத்தவை என்ன? நான்கு வாரத்தில் 144 மணிக்கு மேல் வேலை வாங்கலாகாது என்றது. ஆட்குறைப்புச் செய்வதானால் ஆசிரியருக்கு ஆறு மாதமும் ஏனைய பத்திரிகையாளருக்கு மூன்று மாதமும் முன்னறிவிப்பு வேண்டும் என்றது. சம்பளத்தை முதலாளியின் மனம் போல் விடாது, சம்பள நிர்ணய சபை அமைத்து வரையறுக்க வழி செய்தது. 1958-ல் முதற் சபையின் தீர்ப்பைச் சுப்ரீம் கோர்ட்டு தள்ளிவிட்டபோதிலும் சட்டம் செல்லுபடியாகும் என்று ஒப்புக்கொண்டது. அதன் பின் பல சபைகள் வந்தன. கடைசியாக வந்த மஜீதியா சபையின் சிபார்சுகள் 2011-ம் வருஷம் நவம்பரில் பிரகடனமாயின. முதலாளிகள் கோர்ட்டுக்குச் சென்றனர்; 2014 பிப்ரவரியில் தோற்றனர். அப்பொழுதும் பல காரியாலயங்களில் சம்பளம் உயரவில்லை. ஊழியரிடம் "பழைய சம்பளமே போதும்" என்று கையொப்பம் வாங்கியதுதான் உயர்ந்தது. 2017 ஜூன் மாதம் சுப்ரீம் கோர்ட்டு மறுபடியும் தலையிட்டு, அத்தகைய கையொப்பத்தைக் காட்டிச் சபை விதித்ததற்குக் குறைவாகக் கொடுக்கலாகாது என்றும், ஒப்பந்த ஊழியரும் அச்சம்பளத்துக்கு உரியவரே என்றும் தெளிவுபடுத்த நேர்ந்தது. சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது, அதை எடுத்துப் படிக்கச் சங்கம் வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுவதில்லை.

இனி, புதிய தொகுப்புகளில் எஞ்சியது எது, போனது எது என்று பட்சபாதமின்றி நோக்குவோம். 144 மணி வரம்பு தொழில் பாதுகாப்புத் தொகுப்பில் நிற்கிறது. கிராஜுவிடி என்னும் பணிக்கொடைக்குப் பிறருக்கு ஐந்து வருஷ சேவை வேண்டியிருக்க, பத்திரிகையாளருக்கு மூன்று வருஷமே போதும் என்ற சலுகையும் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் இருக்கிறது. இவற்றை மறைத்துப் பேசுவது நேர்மையன்று. ஆனால் சம்பள நிர்ணய சபை அமைக்கும் பிரிவு பழைய சட்டத்தோடு போயிற்று. அதற்கு ஈடான பிரிவைப் புதிய தொகுப்புகளில் நாம் காணவில்லை. ஆட்குறைப்புக்கு எல்லாத் தொழிலாளருக்கும் பொதுவான ஒரு மாத முன்னறிவிப்பே தொழிலுறவுத் தொகுப்பில் காண்கிறது. குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் வைத்திருப்பவரை அக்காலம் முடிந்ததும் அனுப்பிவிட்டால், அது ஆட்குறைப்பே ஆகாது. ஆட்குறைப்புக்கு முன்கூட்டி சர்க்காரின் அனுமதி வாங்க வேண்டிய ஸ்தாபனங்களின் வரம்பும் 100 தொழிலாளரிலிருந்து 300 ஆக உயர்ந்துவிட்டது. 300 பேர் வேலை செய்யும் காரியாலயம் எத்தனை என்று நேயர்களே எண்ணிப் பார்க்கலாம்.

இதில் சட்டம் படித்தவர் கவனிக்க வேண்டிய விசித்திரம் ஒன்று உண்டு. பழைய சட்டம் "பத்திரிகை" என்றால் அச்சிட்ட காகிதம் என்றே கொண்டது. ஆகையால் டெலிவிஷன் நிருபரும் இணையச் செய்தித்தள உதவியாசிரியரும் அதன் நிழலில் நிற்க முடியவில்லை. தொழில் பாதுகாப்புத் தொகுப்பு இக்குறையை நீக்கி, மின்னணு ஊடகத்தாரையும் டிஜிட்டல் ஊடகத்தாரையும் பத்திரிகையாளர் என்று ஏற்றுக்கொண்டது. இதை நாம் மனமார வரவேற்கிறோம். அங்ஙனமிருக்க, வேலைநிறுத்தம், ஆட்குறைப்பு, சங்க அங்கீகாரம் இவற்றை ஆளும் தொழிலுறவுத் தொகுப்போ, பத்திரிகையாளர் யார் என்று சொல்ல 1955-ம் வருஷத்திய சட்டத்தின் இலக்கணத்தையே சுட்டுகிறது! ஒரு கை அழித்த சட்டத்தை மற்றொரு கை மேற்கோள் காட்டுகிறது. ரத்தான சட்டத்தைச் சுட்டினால் அதற்குப் பதிலாக வந்த சட்டத்தைச் சுட்டியதாகவே கொள்ளலாம் என்று பொது வாசகச் சட்டத்தைக் காட்டி வாதாட இடமுண்டு. ஆனால் வேலை இழந்த உதவியாசிரியர் அவ்வாதத்தை எத்தனை கோர்ட்டுப் படிகள் ஏறிச் சொல்வார்? ஒரு வரித் திருத்தத்தால் பார்லிமெண்டு தீர்த்துவிடக் கூடிய சந்தேகம் இது. அத்திருத்தத்தைக் கேட்பது சங்கங்களின் முதல் வேலையாக இருக்க வேண்டும்.

மற்றொன்று. தொழில் பாதுகாப்புத் தொகுப்பு பொதுவாகப் பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஸ்தாபனத்தையே கணக்கில் கொள்கிறது. இன்று ஒரு காமெராவும் ஒரு கணினியும் நான்கு இளைஞர்களும் இருந்தால் யூடியூபில் செய்தி ஸ்தாபனம் தயார். அந்த நால்வரும் நிருபர், படப்பிடிப்பாளர், தொகுப்பாளர், அறிவிப்பாளர் ஆகிய எல்லா வேலையும் செய்கிறார்கள். சட்டத்தின் கண்ணுக்கு மட்டும் அவர்கள் தென்படுவதில்லை. 2021-ம் வருஷத்திய தகவல் தொழில்நுட்ப விதிகள் இணையச் செய்தி வெளியிடுவோருக்கு ஒழுக்க விதிகளையும் புகார் விசாரணை முறையையும் விதித்தன. அதாவது, சர்க்கார் கட்டுப்படுத்த விரும்பியபோது இணையச் செய்தியைச் செய்தியாக ஏற்க ஒரு விதி போதுமாயிருந்தது. அச்செய்தியை எழுதுகிறவரைத் தொழிலாளராக ஏற்கத்தான் வருஷங்கள் ஆயின. அதுவும் அரைகுறையாகவே முடிந்தது.

தொழிலின் நிலையும் மாறிவிட்டது. முன்னாளில் கடைசிப் பக்கம் அச்சுக்குப் போனதும் உதவியாசிரியர் விளக்கை அணைத்து வீடு செல்வார். இன்று கடைசிப் பக்கம் என்பதே கிடையாது. நிருபர் ஒரு கூட்டத்துக்குச் சென்றால் செய்தி எழுத வேண்டும், படம் பிடிக்க வேண்டும், காட்சி அனுப்ப வேண்டும், சமூக வலைத்தளத்தில் இரண்டு வரி போட வேண்டும். அதை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று மாலையில் ஒரு பலகை கணக்குக் காட்டுகிறது. ஆழ்ந்து விசாரித்து எழுதியதற்கு நூறு பேர், நடிகர் வீட்டுக் கல்யாணத்துக்கு லட்சம் பேர் என்று அப்பலகை காட்டினால், மறுநாள் அந்த நிருபர் எங்கே அனுப்பப்படுவார் என்று சொல்ல ஜோசியம் தேவையில்லை. தாலூகா நிருபரின் பாடு இன்னும் மோசம். அடையாள அட்டை ஒன்று உண்டு; மாதச் சம்பளம் இல்லை. மணல் திருட்டைப்பற்றிச் செய்தி அனுப்பி அடிபட்டால் "அவர் எங்கள் ஊழியர் அல்லர்" என்று கைகழுவும் காரியாலயங்களும் இருக்கின்றன. 2020-ல் கொள்ளை நோய்க் காலத்தில் ஆட்குறைப்பும் சம்பளக் குறைப்பும் நடந்தபோது டில்லி, பம்பாய் பத்திரிகையாளர் சங்கங்களும் தேசியக் கூட்டணியும் சுப்ரீம் கோர்ட்டை அணுகின. தனித்து நின்றவர்களுக்கு அந்தத் துணையும் இல்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டுச் சங்கங்களின் குறையைச் சொல்லாது விட்டால் நாம் நடுநிலை தவறியவராவோம். நமது சங்கங்கள் பிளவுபட்டன. பிளவின் பிளவும் பிளவுபட்டது. தலைநகரத்து நிரந்தர ஊழியருக்கே உரியனவாகப் பல சங்கங்கள் நின்றுவிட்டன. வீட்டுமனை, பிரயாணச் சலுகை, சர்க்கார் அடையாள அட்டை இவற்றைக் கேட்டு மந்திரிகள் வாசலில் நிற்பதே சங்கப் பணி என்று சிலர் எண்ணினர். எந்த மந்திரியை மறுநாள் கேள்வி கேட்க வேண்டுமோ, அவரிடம் இன்று மனை கேட்பது எத்தகைய தர்மம்? இளம் பெண் நிருபர்கள் காரியாலயத்தில் நேரும் தொல்லையையும் இணையத்தில் பொழியப்படும் வசையையும் சொல்லியபோது, அது சங்க விஷயமன்று என்று ஒதுங்கியவர்களும் உண்டு. இணைய ஊழியரோ சங்கத்தைத் தங்கள் தாத்தா காலத்துச் சங்கதி என்று நினைக்கின்றனர். இரு திறத்தாரும் தவறு செய்கின்றனர்.

சங்கம் பழைய காலத்துச் சரக்கன்று என்பதற்கு அமெரிக்காவிலிருந்து சில சம்பவங்களைக் குறிப்பிடுவோம். 2015 ஜூனில் காக்கர் என்னும் இணையச் செய்தி ஸ்தாபனத்தின் எழுத்தாளர்கள் ஓட்டெடுத்துச் சங்கத்தில் சேர்ந்தனர். அதைப் பார்த்துப் பல இணையத்தளங்களின் ஊழியர் பின்பற்றினர். 2017-ல் நியூயார்க்கில் டிஎன்ஏஇன்ஃபோ, காதமிஸ்ட் என்ற இரு தளங்களின் ஊழியரும் அவ்வாறே செய்தனர். ஒரு வாரத்தில் முதலாளி இரண்டையும் இழுத்து மூடிவிட்டார். ஆகவே இவ்வழி பூப்பரப்பிய பாதை என்று நாம் சொல்லவில்லை. ஆயினும் இயக்கம் நிற்கவில்லை. 2024 நவம்பரில், ஜனாதிபதித் தேர்தலுக்கு முதல் நாள், நியூயார்க் டைம்ஸின் கணினித் தொழில்நுட்ப ஊழியர்கள் ஒரு வார வேலைநிறுத்தம் தொடங்கினர். டிசம்பரில் உடன்பாடு ஏற்பட்டது. பத்திரிகையின் இயந்திரக்காரர் இன்று கணினிக்காரர் என்பதை அங்கே சங்கம் உணர்ந்துவிட்டது. நாம் இன்னும் உணரவில்லை.

இனிச் சங்கங்கள் செய்ய வேண்டியவை என்று நமக்குத் தோன்றுபவற்றைச் சொல்லுவோம்.

முதலாவது, கதவைத் திறக்க வேண்டும். அச்சு, ஒலி, ஒளி, இணையம் என்ற வேற்றுமை பாராது, செய்தியை உண்டாக்கி ஜனங்களிடம் சேர்ப்பதில் பங்குள்ள எவரும் அங்கத்தினராகலாம் என்று விதி திருத்தப்பட வேண்டும். சந்தா வருமானத்துக்குத் தக்கதாக இருக்கட்டும். தேர்தலும் கணக்கும் அங்கத்தினர் அனைவரும் கைப்பேசியிலேயே பார்க்கக் கூடியதாக இருக்கட்டும். பிறர் கணக்கைக் கேட்கும் தொழிலாளர் தம் கணக்கை ஒளிப்பது அழகன்று.

இரண்டாவது, ஒற்றுமை. இதுகாறும் அது உபதேசமாக இருந்தது. இனிச் சட்டத்தின் கட்டாயம். ஒரு ஸ்தாபனத்தில் பல சங்கங்கள் இருந்தால், வருகைப் பட்டியலில் உள்ள தொழிலாளருள் 51 சதவிகிதத்தாரின் ஆதரவுள்ள சங்கமே பேச்சுவார்த்தைக்கு உரியது என்கிறது தொழிலுறவுத் தொகுப்பு. அப்படி ஒன்றும் இல்லையேல் 20 சதவிகிதத்துக்குக் குறையாத சங்கங்கள் கூடிய சபை பேசும். மூன்று சங்கங்கள் மும்மூன்று திசையில் இழுத்தால் பேச ஆளே இராது. அன்றியும், பட்டியலில் பெயர் இல்லாத பகுதிநேர நிருபர் இக்கணக்கில் சேரவே மாட்டார். ஆகவே அவர் பெயரைப் பட்டியலில் ஏற்றுவதற்கே முதற்போர் நடக்க வேண்டும். வேலைநிறுத்தத்துக்கு இப்பொழுது எத்தொழிலிலும் 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். பாதிப்பேர் கூடி ஒரே நாளில் லீவு எடுத்தாலும் அதுவும் வேலைநிறுத்தமே. ஆத்திரத்தில் எழுந்து நடந்துவிடும் பழைய முறை இனிப் பயன்படாது. முன்யோசனையும் கணக்கும் உள்ள சங்கமே பிழைக்கும்.

மூன்றாவது விஷயம் செயற்கை நுண்ணறிவைப் பற்றியது. 2023-ல் அமெரிக்கத் திரைக்கதை எழுத்தாளர்கள் 148 நாள் வேலைநிறுத்தம் செய்து, எழுத்தாளன் இடத்தில் இயந்திரத்தை உட்கார்த்தலாகாது, அதைப் பயன்படுத்துமாறு எழுத்தாளனைக் கட்டாயப்படுத்தலாகாது என்ற வரம்புகளை ஒப்பந்தத்தில் ஏற்றினர். நமது பத்திரிகையாளர் கையில் இதைவிடப் பழைய ஆயுதம் ஒன்று துருப்பிடித்துக் கிடக்கிறது. 1957-ம் வருஷத்திய பதிப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு சொல்வதைக் கேளுங்கள்: பத்திரிகை ஊழியர் தம் வேலையில் எழுதியதைப் பத்திரிகையில் வெளியிடும் உரிமை முதலாளிக்கு, மற்ற எல்லா விதத்திலும் முதல் உரிமை எழுதியவருக்கே, வேறுவிதமான ஒப்பந்தம் இல்லாதவரையில். 2023 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸும், 2024 நவம்பரில் டில்லி ஹைகோர்ட்டில் ஏ.என்.ஐ. செய்தி ஸ்தாபனமும் ஓப்பன்ஏஐ கம்பெனிமீது வழக்குத் தொடுத்தன. தங்கள் செய்திகளைக் கேளாமல் எடுத்து இயந்திரத்துக்குப் பாடமாக ஊட்டினார்கள் என்பது வாதம். நியாயமான வாதமே. ஆனால் முதலாளி அந்த இயந்திரக் கம்பெனியிடம் நஷ்டஈடோ குத்தகையோ பெற்றால், எழுதியவருக்கு அதில் பங்கு என்ன? இயந்திரத்துக்கு ஊட்டுவது பத்திரிகையில் வெளியிடுவதாகுமா? ஆகாது என்பதே நமது அபிப்பிராயம். அப்படியானால் அவ்வுரிமை எழுதியவருடையது. வேலையில் சேரும் நாளில், படியாமல் கையொப்பமிடும் ஒரு காகிதத்தில் அது கைமாறிவிடுகிறது. அந்தக் காகிதத்தை ஒவ்வொருவரும் தனித்தனியே கையொப்பமிடாமல், சங்கம் எல்லோர் சார்பிலும் பேசிக் கையொப்பமிட வேண்டும். பத்திரிகை முதலாளி ஒருவர் இதை எழுதுகிறார் என்று நமது சகபாடிகள் சினந்துகொள்ளலாம். நமது நெல்லைப் பிறர் அள்ளிச் சென்றதாகக் கோர்ட்டில் முறையிடுகிற நாம், உழுதவனுக்குக் கூலி இல்லை என்று எந்த வாயால் சொல்வது?

நான்காவது, துண்டுக் கணக்கில் செய்தியும் படமும் அனுப்பும் நிருபர். சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, இணையத் தளங்களின் வாயிலாக வேலை செய்வோருக்கு நலநிதி ஏற்படுத்த, அத்தளங்கள் வருஷ வரவில் ஒன்று முதல் இரண்டு சதவிகிதம், ஊழியருக்குக் கொடுக்கும் தொகையில் ஐந்து சதவிகிதத்துக்கு மேற்படாமல், செலுத்த வேண்டும் என்கிறது. எல்லோரும் சோறு கொண்டுவரும் இளைஞரையும் வாடகைக் காரோட்டியையுமே இதில் நினைக்கின்றனர். அத்தொகுப்பின் ஏழாவது அட்டவணையில் உள்ளடக்கச் சேவையும் ஊடகச் சேவையும்கூடக் காண்கின்றன என்பதைப் பலர் பார்க்கவில்லை. தாலூகா நிருபருக்கு அதன் கீழ் இடம் உண்டா என்று வாதாடிப் பார்க்கும் சங்கம் எது? தமிழ்நாட்டு சர்க்கார் 2021-ல் பத்திரிகையாளர் நல வாரியம் ஒன்றை அமைத்தது நல்ல காரியம். ஆனால் நலம் என்பது தானம். உரிமை என்பது வேறு. தானத்தை வாங்கிக்கொண்டு உரிமையை மறந்துவிடலாகாது.

முதலாளிகள் தரப்பிலும் ஒரு வாதம் உண்டு. விளம்பரப் பணமெல்லாம் கூகிளுக்கும் பேஸ்புக்குக்கும் போய்விட்டது, காகித விலை ஏறிவிட்டது, எங்கிருந்து கொடுப்பது என்கிறார்கள். கஷ்டம் மெய்தான், அதை நாம் மாதந்தோறும் அனுபவிக்கிறோம். ஆனால் கஷ்டத்தைக் காட்டிச் சம்பளத்தைக் குறைக்கிறவர் கணக்கையும் காட்ட வேண்டாமா? கணக்கைப் பார்த்து "இவ்வளவே இயலும்" என்று ஒப்புக்கொள்ளும் சங்கம் முதலாளிக்கும் நண்பனே. பத்திரிகைப் பணி தேச சேவை, அதைக் கூலி வேலை என்று பேசலாமா என்று சிலர் கேட்கின்றனர். சேவை என்ற சொல்லை நாமும் போற்றுகிறோம். சேவை செய்கிறவர் தாமே அச்சொல்லைச் சொன்னால் அது தியாகம். சம்பளப் பாக்கி வைத்தவர் சொன்னால் அது தந்திரம்.

முடிவாக, இது பத்திரிகைக்காரரின் சொந்தச் சங்கதி என்று நேயர்கள் எண்ணலாகாது. ஒரு மாத முன்னறிவிப்பில் வீதிக்கு வரக்கூடிய நிருபர், பெரிய மனிதர் ஒருவரின் ஊழலைக் கண்டால் இரண்டு தடவை யோசிப்பார். குடும்பம் உள்ளவர் மூன்றாம் தடவையும் யோசிப்பார். அவர் யோசித்து விட்டுவிட்ட செய்தி எது என்று நேயர்களுக்கு ஒருகாலும் தெரியப்போவதில்லை. அந்த நஷ்டம் உங்களுடையது. 1918-ல் ஆலைத் தொழிலாளி கூப்பிட்ட குரலுக்குப் பத்திரிகைக்காரர் ஓடினர். இன்று பத்திரிகைத் தொழிலாளி ஒன்றுபட்டுக் குரல் கொடுத்தால், அவருக்கு ஆதரவாக நிற்பது வாசகர் கடமை. குரல் கொடுப்பது அவர் கடமை. அக்குரலைக் கேட்டு அஞ்சாதிருப்பது நம்போன்ற பத்திராதிபர்களின் கடமை. நமது கடமையைச் செய்ய நாம் சித்தமாயிருக்கிறோம். நமது காரியாலயத்தில் சங்கம் அமைக்க விரும்பும் ஊழியர்கள் நம்மிடம் அனுமதி கேட்க வேண்டுவதில்லை. அமைத்த பின் பேச்சுவார்த்தைக்கு வந்தால் போதும்.